தொட்டியில் நிற்கும் தலைமுறைகள்

2019ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஜப்பான் நாட்டுத் தலைநகராகிய டோக்கியோவை அடுத்துள்ள சைத்தாமா மாநிலத்தில், ஒரு தோட்டத்தில் இரவோடு இரவாகத் திருட்டு நடந்தது. களவு போனவை பொன்னுமல்ல, பணமுமல்ல. தொட்டியில் வளர்ந்த ஏழு மரங்கள். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 400 ஆண்டு வயதுடைய ஜூனிப்பர் மரம். அந்த ஒன்றின் மதிப்பே ஒரு கோடி யென்னுக்கு மேல். தலைமுறை தலைமுறையாக இக்கலையில் ஊறிய அக்குடும்பத்தின் தலைவி, திருடர்களை நோக்கிப் பொதுவில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். மரங்கள் இப்போது எங்கிருந்தாலும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு வாரம் நீரின்றி இருந்தால் அந்த முதிய மரம் இறந்துவிடும் என்பதே அதன் சாரம். தங்கள் பிள்ளைகளைப் போலவே அவற்றை வளர்த்ததாகவும் அவர் கூறினார்.

இச்செய்தியைக் கேட்டு நகைப்பவரும் இருக்கலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். சொத்தைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்துக்கு ஓடுவார், பறித்தவனைச் சபிப்பார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் மட்டுமே, "அதற்குச் சோறு போட்டீர்களா?" என்று பறித்தவனிடமே கேட்பாள். ஒரு மரத்தின் மீது மனிதருக்கு இத்தகைய பற்று எவ்வாறு உண்டாகிறது? விடை காண வேண்டுமானால் போன்சாய் என்னும் கலையைச் சிறிது நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பெயரும் பொருளும்

'போன்' என்றால் ஆழமற்ற தட்டு. 'சாய்' என்றால் நடுதல். தட்டில் நடப்பட்டது என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். (நம் மொழியிலுள்ள 'சாய்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் உறவேதுமில்லை. ஆயினும் போன்சாய் மரங்களில் பல ஒயிலாகச் சாய்ந்தே நிற்கின்றன என்பது வேடிக்கையான பொருத்தம்!)

போன்சாய் என்பது பிறவியிலேயே குள்ளமான ஒரு தனி மர இனம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தவறு. மலைச்சரிவில் ஓங்கி வளரும் பைன் மரத்தின் விதையும், தட்டில் ஒன்றரை முழ உயரத்தில் நிற்கும் பைன் மரத்தின் விதையும் ஒன்றே. தட்டிலிருந்து எடுத்து நிலத்தில் நட்டுவிட்டால், சில ஆண்டுகளில் அது தன் இனத்துக்குரிய உயரத்தை நாடத் தொடங்கிவிடும். அதைக் குட்டையாக வைத்திருப்பது மருந்தன்று, மந்திரமுமன்று. நுனியைக் கிள்ளுவதும், வேரை நறுக்குவதும், இவ்விரண்டையும் காலமறிந்து ஒன்றுக்கொன்று ஈடாகச் செய்வதுமே இதன் முழு இரகசியம்.

மல்லிகைத் தோட்டம் வைத்திருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் கவாத்து செய்த செடிதான் நெருங்கித் தழைத்துப் பூக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். கிளையின் நுனியரும்பில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கும்வரை பக்க அரும்புகள் உறங்கிக் கிடக்கின்றன. நுனியைக் கிள்ளியதும் அவை விழித்தெழுகின்றன. ஒரு கிளை இரண்டாகும், இரண்டு நான்காகும். இவ்வாறு பல்லாண்டு கிள்ளக் கிள்ள, கையகலக் கிளையிலே ஒரு பெருமரத்தின் கிளைப்பின்னல் அமைந்துவிடுகிறது. இலைகளும் மெல்ல மெல்லச் சிறுத்துவிடும். ஆனால் பூவும் பழமும் சிறுப்பதில்லை! சாண் உயரமுள்ள ஆப்பிள் மரத்தில் முழு அளவுப் பழம் தொங்கினால் கிளையே முறிந்துவிடும். ஆகவேதான் இயல்பாகவே சிறிய பழம் தரும் இனங்களை இக்கலைஞர்கள் தேடித் தெரிந்தெடுக்கிறார்கள்.

மூன்று மரங்களை எரித்த வீரன்

இக்கலையின் தாயகம் சீனா. அங்கே ஷான்சி மாநிலத்தில், கி.பி. 706இல் இளவரசர் ஒருவருக்கு எழுப்பிய கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் உண்டு. தட்டில் அமைத்த கற்களையும் சிறு செடிகளையும் பணியாளர் கைகளில் ஏந்தி நிற்கும் காட்சி அது. 1970களின் தொடக்கத்தில் அக்கல்லறையை அகழ்ந்தபோது இது வெளிப்பட்டது. சீனர் தட்டிலே மலை, நீர், மரம் என ஒரு நிலக்காட்சி முழுவதையுமே அமைக்க விரும்பினர். அதைக் கடல் கடந்து பெற்றுக்கொண்ட ஜப்பானியரோ, ஒற்றை மரத்திலேயே மலையையும் காற்றையும் காலத்தையும் காட்ட முற்பட்டனர். 1309இல் வரையப்பெற்ற ஜப்பானிய ஓவியச் சுருள் ஒன்றில், தட்டுகளில் வைத்த குட்டை மரங்களைக் காணலாம்.

ஜப்பானியரின் பழைய 'நோ' நாடகங்களுள் 'ஹச்சி நோ கி' என்பது ஒன்று. 'தொட்டி மரங்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கதையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கும் சொல்லத் தக்கது.

பனி கொட்டும் ஓர் இரவு. சானோ என்னும் ஊரில் உள்ள ஏழைக் குடிசையொன்றின் வாயிலில், வழிநடைத் துறவி ஒருவர் தங்க இடம் கேட்டு நிற்கிறார். வீட்டுக்காரன் ஒரு காலத்தில் நிலபுலனோடு வாழ்ந்த வீரன். உறவினர்கள் நிலத்தைப் பறித்துக்கொண்டதால் வறுமையில் வாடுபவன். உள்ள தினைச்சோற்றை விருந்தினருக்குப் படைக்கிறான். இரவு ஏற ஏறக் குளிர் தாங்க முடியவில்லை. அடுப்பில் இடச் சுள்ளி இல்லை. செல்வம் இருந்த நாளில் அவன் சேர்த்த தொட்டி மரங்களில் மூன்றே மூன்று எஞ்சியிருக்கின்றன: ஒரு பிளம், ஒரு செர்ரி, ஒரு பைன். மற்றவற்றையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு, பிரிய மனமின்றி வைத்திருந்தவை அவை. துறவி தடுத்தும் கேளாமல், ஒவ்வொன்றாக வெட்டித் தீயிலிட்டு விருந்தினரின் குளிரைப் போக்குகிறான். பேச்சினிடையே, "என் கவசம் கிழிந்தது, வாள் துருப்பிடித்தது, குதிரை மெலிந்தது. ஆயினும் காமகுரா நகரிலிருந்து அழைப்பு வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்" என்னும் பொருள்படச் சொல்கிறான்.

சிறிது காலத்துக்குப்பின் அழைப்பு வருகிறது. சொன்னபடியே மெலிந்த குதிரையில் அவன் போய் நிற்கிறான். மற்ற வீரர்கள் ஏளனம் செய்கிறார்கள். ஆனால் அவனை உள்ளே அழைத்தவர், அன்று குடிசையில் தங்கிய அதே துறவி. அவர்தாம் நாட்டின் ஆட்சிப் பொறுப்பை வகித்த ஹோஜோ தொக்கியோரி! பறிபோன நிலத்தைத் திருப்பித் தருவதோடு, எரித்த மரங்களுக்கு ஈடாக, பிளம், செர்ரி, பைன் என்னும் சொற்களைத் தம் பெயரில் கொண்ட மூன்று ஊர்களையும் அவனுக்கு வழங்குகிறார்.

தொக்கியோரி 1263இல் மறைந்த வரலாற்று மனிதர். கதை எந்த அளவுக்கு உண்மை என்பது இருக்கட்டும். போன்சாயைப் பற்றிய மிகப் பழைய புகழ்பெற்ற கதையே, அதை எப்படி வளர்த்தார்கள் என்பதைக் கூறாமல், எதற்காக ஒருவன் அதை எரித்தான் என்பதைக் கூறுகிறது. இது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

நீர் ஊற்ற மூன்று ஆண்டு

"நீர் ஊற்றக் கற்க மூன்று ஆண்டு" என்பது ஜப்பானியத் தோட்டக்காரர்களின் பழமொழி. தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு படிப்பா என்று வியக்கலாம். நிலத்தில் நிற்கும் மரம் தனக்கு வேண்டிய நீரைத் தானே தேடிக்கொள்ளும். நான்கு விரற்கடை ஆழமுள்ள தட்டில் நிற்கும் மரம் எங்கே தேடும்? கோடையில் காலையில் ஊற்றிய நீர் நண்பகலுக்குள் வற்றிவிடும். இருவேளை, சில நாள் மூவேளை ஊற்ற வேண்டிவரும். அதற்காக எப்போதும் ஈரமாகவே வைத்தாலோ, மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் அழுகிவிடும். மேப்பிளுக்கு வேண்டிய நீர் பைனுக்கு வேண்டாம். வெயில் படும் தட்டுக்கு வேண்டியது நிழலில் உள்ளதற்கு வேண்டாம். நேற்றுக் காற்று வீசியது, இன்று வீசவில்லை. எனவே நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. நூறு தட்டுகள் இருந்தால் நூறையும் தனித்தனியே பார்த்து, மேல்மண்ணின் நிறத்தைக் கண்டே தேவையை உணரும் கண்தான் மூன்றாண்டில் பழகவேண்டியது. ஊற்றும் முறையும் எளிமையானதே. நுண்ணிய துளைகளுள்ள பூவாளியால் மழைபோல் ஒருமுறை நனைத்து, அந்நீர் ஊறியபின் மறுமுறை ஊற்ற வேண்டும். அடித்துளை வழியே நீர் வடியும்வரை நிறுத்தலாகாது.

அடுத்தது வேர். தட்டிலுள்ள வேர்கள் ஓரிரு ஆண்டுகளில் சுற்றிச் சுற்றி வளர்ந்து மண்ணை முழுவதும் அடைத்துக்கொள்ளும். பின்னர் நீரும் இறங்காது, காற்றும் புகாது. எனவே இளமரத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், முதிய பைன் மரத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையோ அதற்கும் நீண்ட இடைவெளியிலோ, தட்டிலிருந்து எடுத்து வேரைக் கோதி, சுற்றிலும் அடியிலும் ஒரு பங்கை நறுக்கிவிட்டுப் புதுமண்ணில் நடுகிறார்கள். குளிர் கழிந்து அரும்புகள் பருக்கத் தொடங்கும் வேளையே இதற்கு ஏற்றது. மண்ணும் நாம் வழக்கமாக எண்ணும் மண்ணன்று. 'அக்கதாமா' என்பது எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான, மணிமணியான செம்மண். அதைச் சலித்துத் தூசியை முற்றிலும் நீக்கியபிறகே இடுகிறார்கள். பைன் மரத்தின் வேரில் வெண்ணிற இழைகள் படர்ந்திருப்பதைக் கண்டால் நோய் என்று கழுவிவிடக் கூடாது. அது வேரோடு கூடி வாழ்ந்து, மரத்துக்கு நீரும் உணவும் சேர்த்துத் தரும் பூஞ்சை. அந்தப் பழைய மண்ணில் ஒரு பகுதியை வேரோடு விட்டுவைப்பதே முறை.

மூன்றாவது, கம்பி கட்டுதல். கிளையின் போக்கைத் திருப்ப, செம்பு அல்லது அலுமினியக் கம்பியை அதன்மேல் சாய்வாகச் சுற்றி, கையால் மெல்ல வளைக்கிறார்கள். கம்பியின் பருமன் கிளையின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். சில மாதங்களில் கிளை அந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆனால் கிளை பருத்துக் கம்பி பட்டையில் பதியுமுன் கழற்றிவிட வேண்டும். தவறினால் அந்தத் தழும்பு பல்லாண்டு மறையாது. கழற்றும்போதும் சுற்றைப் பிரிக்க முயன்றால் கிளை முறியக்கூடும்; துண்டு துண்டாக வெட்டியெடுப்பதே நலம்.

நேராக நிற்பது, வளைந்து ஏறுவது, ஒரே புறம் காற்றடித்ததுபோல் சாய்வது, மலை முகட்டிலிருந்து அருவிபோல் தட்டுக்குக் கீழேயும் தொங்குவது, பல மரங்கள் கூடித் தோப்பாக நிற்பது என வடிவங்கள் பல. அவற்றின் பெயர்களையெல்லாம் அடுக்குவதில் பயனில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். மலையுச்சியில் இடியாலும் பனியாலும் அடிபட்ட ஜூனிப்பர் மரத்தில், பெரும்பகுதி பட்டுப்போய் வெள்ளெலும்புபோல் நிற்க, ஒரே ஒரு பட்டை மட்டும் வேரிலிருந்து மேலேறிப் பசுமையைத் தாங்கிநிற்பதுண்டு. பட்ட பகுதியை வெட்டியெறியாமல், சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலைப் பூசி அழுகாமல் காத்து, அதையே மரத்தின் அழகாக்கிவிடுகிறார்கள். இக்காலத்தில் விசைக் கருவிகளால் கட்டையைக் குடைந்து இத்தோற்றத்தைச் செயற்கையாக உண்டாக்கும் வல்லுநரும் உளர். 1940இல் பிறந்த மசாஹிக்கோ கிமுரா இதில் உலகப் புகழ் பெற்றவர். அவர் திறமை வியக்கத்தக்கதே. என்றாலும் காற்றும் பனியும் நூறாண்டில் செதுக்கியதற்கும், விசைக்கருவி ஒரு பிற்பகலில் செதுக்கியதற்கும் உள்ள வேறுபாட்டை என் கண் மறக்க மறுக்கிறது.

இது கொடுமையா?

இக்கலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் வினா இது. மரத்தின் காலைக் கட்டி, கையை முறித்து, பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறார்களே, இது பாவமன்றோ என்பார்கள். வினாவை எளிதில் ஒதுக்கலாகாது. ஆயினும் உண்மைகளைப் பார்ப்போம். பட்டினி கிடக்கும் மரம் இலையுதிர்ந்து சாகுமேயன்றி நூற்றாண்டுகள் வாழாது. நல்ல தோட்டங்களில் இம்மரங்களுக்கு எரு ஒழுங்காக இடப்படுகிறது. பூச்சி தேடிக் களையப்படுகிறது. பட்டுப்போகவிருந்த கிளை முன்னரே கவனிக்கப்படுகிறது. காட்டிலுள்ள தன் உடன்பிறப்பைவிட நீண்டகாலம் வாழும் தொட்டி மரங்களும் உண்டு. கத்தரித்தல்தான் கொடுமை என்றால், தேயிலைத் தோட்டமும் மல்லிகைத் தோட்டமும் அதே குற்றத்துக்கு உள்ளாகும்.

ஆனால் அவ்வினாவில் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. தட்டில் நட்ட நாள்முதல் அந்த மரம் தன் விடுதலையை இழக்கிறது என்பதல்ல அது. அதை நட்டவர் தம் விடுதலையை இழக்கிறார் என்பதே. திருமணம் என்றும் இழவு என்றும் பத்துநாள் வெளியூர் சென்றுவிட முடியாது. நோய் என்று படுக்க முடியாது. மரத்துக்கு நிலம், மேகம், ஆறு எல்லாம் அந்த ஒருவரே. அவர் இறந்தால்? நல்ல போன்சாய் வளர்த்தவரைவிட நெடுங்காலம் வாழும். எனவே இக்கலையில் உண்மையான இடர், மரத்தை எப்படி வளைப்பது என்பதன்று. அடுத்துப் பூவாளியை யார் கையில் எடுப்பது என்பதே.

ஓமியா சிற்றூர்

1923 செப்டம்பர் முதல் நாள் டோக்கியோ வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கத்திலும், அதைத் தொடர்ந்த பெருந்தீயிலும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரில் வாழ்ந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் இடம் இழந்தனர். தூய காற்றும் நல்ல மண்ணும் நீரும் தேடி வடக்கே சென்று, 1925இல் ஓமியா என்னுமிடத்தில் ஒரு குடியிருப்பை அமைத்தனர். அங்குக் குடியேற விரும்புவோருக்குச் சில விதிகளையும் வகுத்தனர். குறைந்தது பத்துப் போன்சாய் மரங்களாவது வைத்திருக்க வேண்டும், தோட்டத்தை எவரும் வந்து காணத் திறந்துவைக்க வேண்டும், மாடிவீடு கட்டலாகாது, மதிலுக்குப் பதில் உயிர்வேலியே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாடியின் நிழல் தம் மரங்கள்மேல் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை! வேலித் தகராற்றில் ஊரே இரண்டுபடும் கதைகளை அறிந்த நமக்கு இவ்விதிகள் விந்தையாகத் தோன்றும்.

செழித்திருந்த நாளில் அங்கு ஏறத்தாழ 30 தோட்டங்கள் இருந்தன. போரின் ஆண்டுகள் அதை நலிவித்தன. பின்னர் நில விலையும் வாரிசின்மையும் மேலும் நலிவித்தன. இன்று எஞ்சியவை பத்துக்கும் குறைவு. 2010இல் அருகே போன்சாய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தெற்கே கககாவா மாநிலத்துத் தக்கமாட்சு நகரில் பைன் போன்சாய் பெருமளவில் விளைகிறது; ஜப்பானின் பைன் போன்சாயில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு அங்கிருந்தே வருகிறது என்பர். அங்கே இது வயலில் பார்பிடித்து வளர்க்கும் வேளாண்மை.

தொழில் கற்க வருவோர் ஆசானின் தோட்டத்திலேயே ஐந்தாண்டு பணிபுரிய வேண்டும். அதன்பின் நன்றிக்கடனாக ஓராண்டு என்பதும் பல தோட்டங்களின் வழக்கம். பெருக்குதல், களை எடுத்தல், நீர் ஊற்றுதலிலேயே முதல் ஆண்டுகள் கழியும். கிமுரா பதினைந்து வயதில் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் பயின்றவர். இத்தகைய பொறுமையுள்ள இளைஞர் அந்நாட்டிலேயே அருகிவருகின்றனர். மாறாக, ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இளைஞர்கள் வந்து, மொழியே தெரியாமல் தொடங்கி, ஐந்தாண்டையும் முடித்துச் செல்கின்றனர். வாரிசு எப்போதும் இரத்த உறவில்தான் வர வேண்டும் என்பதில்லை போலும்.

பேசாத மரம்

1976இல் அமெரிக்கா தன் விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, ஜப்பான் போன்சாய்க் கழகத்தார் 53 மரங்களைப் பரிசாக வழங்கினர். ஓராண்டுக்கு முன்னரே வந்து சேர்ந்து, நோய்த்தடுப்புக் காவலில் இருந்தபின், அவை வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வெள்ளைப் பைன். 1625 முதல் தட்டில் வளர்ந்தது என்பது குறிப்பு. தந்தவர் மசாரு யமாகி என்னும் தோட்டக்காரர். அவ்வளவே அன்று தெரிந்தது. யமாகி வேறெதுவும் சொல்லவில்லை.

25 ஆண்டுகள் அந்த மரம் ஓர் அழகிய பழைய மரமாகவே அங்கு நின்றது. 2001 மார்ச் 8ஆம் நாள், முன்னறிவிப்பின்றி ஜப்பானிய இளைஞர் இருவர் தோட்டத்துக்கு வந்தனர். யமாகியின் பேரப்பிள்ளைகள். பிறந்தது முதல் வீட்டில் கேட்டுவந்த மரத்தை ஒருமுறை கண்ணால் காண விரும்பி வந்தவர்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர்கள் கூறிய செய்தியைக் கேட்டுத் தோட்டத்தார் திகைத்து நின்றனர்.

யமாகியின் தோட்டம் இருந்த ஊர் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து அது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவு. வீட்டின் கண்ணாடிகள் சிதறி உள்ளே இருந்தவர் உடலில் பாய்ந்தன. எனினும் குடும்பத்தார் அனைவரும் உயிர் தப்பினர். மரம் நின்ற மேடையைச் சுற்றி உயர்ந்த சுவர் ஒன்று இருந்தது. சுவர் மரத்தைக் காத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மாண்டவர் தொகை ஏறத்தாழ 1,40,000 எனக் கணக்கிடப்படுகிறது. அந்தச் சாம்பலின் நடுவே, மறுநாளும் அதற்கு மறுநாளும், யாரோ அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றாதிருந்தால் ஆகஸ்டு வெயிலில் அது ஒரு வாரம்கூடத் தாங்கியிராது.

முப்பது ஆண்டுகள் சென்றபின், அதே மரத்தைத்தான் யமாகி, குண்டு வீசிய நாட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதன் வரலாற்றைப் பரிசுச் சீட்டில் எழுதவில்லை. கொடுத்தபோது வாயாலும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். நான் ஊகிப்பது இது: சொல்லியிருந்தால் அது பரிசாக இராது, கணக்காகிவிடும், வாங்குகிறவர் தலைகுனிந்து வாங்க வேண்டியிருக்கும். அடுத்த இரண்டாண்டில் யமாகியின் மகளும் வந்து அந்த மரத்தைக் கண்டு சென்றார். 2025இல் அதன் தொட்டி வாழ்வுக்கு 400 ஆண்டுகள் நிரம்பின. நாள்தோறும் நீர் ஊற்றி, ஊசியிலைகளில் பூச்சி உண்டா எனப் பார்த்து, எல்லாப் பக்கமும் வெயில் படும்படி வாரம் இருமுறை அதைத் திருப்பிவைப்பதே வழக்கம் என்று அத்தோட்டத்தார் கூறியுள்ளனர்.

அதே தோட்டத்தில் உள்ள மற்றொரு புகழ்பெற்ற படைப்பு 'கோஷின்'. ஜூனிப்பர் மரங்கள் பதினொன்று கூடிய சிறு தோப்பு. அதை ஆக்கியவர் ஜான் நாக்கா. 1914இல் அமெரிக்காவில் பிறந்து, எட்டு வயதில் ஜப்பானுக்குச் சென்று, பாட்டனாரிடம் போன்சாய் கற்று, 1935இல் மீண்டும் அமெரிக்கா திரும்பியவர். முதலில் இரண்டு மரங்களைத் தனித்தனியே வளர்த்தார். பின்னர் 1964இல் மேலும் சில சேர்த்துத் தோப்பாக்கினார். பேரப்பிள்ளைகள் பிறக்கப் பிறக்கத் தோப்பிலும் மரங்கள் கூடின. பதினொரு பேரப்பிள்ளைகள், பதினொரு மரங்கள். 1984இல் தோப்பு முழுவதையும் அந்தத் தேசியத் தோட்டத்துக்கே கொடுத்துவிட்டார். 2004இல் நாக்கா மறைந்தார். தோப்பு தழைத்து நிற்கிறது. நம் வீடுகளில் பேரன் பிறந்தால் தென்னங்கன்று நடும் தாத்தாக்களுக்கு இவரைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு இராது.

நம் வீட்டில் வளர்க்க விரும்புவோருக்கு

வீட்டில் குட்டை மரம் வைத்தால் குடும்பம் குன்றிப்போகும் என்று நம் நாட்டில் ஒரு பேச்சு உலவுகிறது. அதற்குச் செவிகொடுக்க வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இதை வளர்த்த நாடுகள் குன்றிப்போகவில்லை.

ஜப்பானிய நூல்களைப் பார்த்து நம் சமவெளி வெப்பத்தில் பைனையும் மேப்பிளையும் வளர்க்க முயல்வது வீண் செலவு. அவற்றுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். ஆல், அரசு, இச்சி, அத்தி, புளி, காகிதப்பூ ஆகியவை நம் வெயிலுக்குப் பழகியவை. பழங்கிணற்றுச் சுவரிலும் மொட்டைமாடி விரிசலிலும் தானே முளைத்து நிற்கும் ஆலங்கன்று, வெறும் செங்கல்லிடுக்கில் வாழக் கற்றுக்கொண்ட பிள்ளை. தொடங்குவோருக்கு அதைவிடச் சிறந்த கன்று வேறில்லை. ஆணிவேரைக் குறைத்து, பக்கவேர்களைப் பரப்பி நட வேண்டும். மண்ணுக்கு, சலித்த செங்கல் நொறுக்கும் பருமணலும் பெரும்பங்கு, செம்மண்ணும் மட்கிய எருவும் சிறுபங்கு. நீர் தேங்காமல் வடிய வேண்டும் என்பதே முதன்மை. தட்டின் அடித்துளையை வலைத்துண்டால் மூடி, அதே துளை வழியே கம்பியிட்டு மரத்தைத் தட்டோடு பிணைத்துவிட்டால், காற்றில் ஆடி இளவேர் அறுபடாது. நட்டபின் இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்து, பிறகு வெயிலுக்குப் பழக்கலாம். புது வேர் பிடித்துத் தளிர் விடுமுன் எரு வேண்டாம்.

வரவேற்பறை மேசைமேல் அழகுப்பொருளாக வைத்துவிடுவதே இவற்றைக் கொல்லும் விரைவான வழி. ஜப்பானியர்கூட விருந்தினர் வரும் ஓரிரு நாள் மட்டும் வீட்டினுள் வைத்துவிட்டு, மீண்டும் வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்விடுவர். கடையில் விலை கொடுத்து வாங்குவோர், தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள்; மண்ணில் ஊன்றாமல் ஆடினால், அண்மையில் வெட்டிச் செருகியது என்று பொருள். மேலே கூழாங்கற்களைப் பசைபோட்டு ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பத்தினர் தட்டுகளை நிழலுக்கு மாற்றி, பெரிய தாம்பாளத்தில் ஈரமணல் பரப்பி அதன்மேல் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டாரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் முன், அவரை உங்கள் அருகில் நிறுத்தி இரண்டு மூன்று முறை அவர் கையாலேயே நீர் ஊற்றச் செய்யுங்கள். மண்ணின் நிறம் எப்போது வெளுக்கிறது என்பதைக் காட்டிக்கொடுங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள்.